பூஜ்யத்தில் முடியும் ஸ்கிரிப்ட்

உட்காரச் சொன்னதற்கு நன்றி இன்ஸ்பெக்டர் ஐயா. நான் முதுகுவலிக்காரன், அலுவலகத்தில் நின்றுகொண்டேதான் வேலை பார்ப்பேன். இங்கேயும் நின்றே சொல்கிறேன்.

ஆஸ்பத்திரிகளில் நரம்பு வழியாக மருந்தேற்றும் பம்புக்கு எங்கள் நிறுவனம் மென்பொருள் எழுதுகிறது. யார் எந்த வரியை மாற்றினாலும் எல்லாச் சோதனைகளும் தானாக ஓடும். ஓட்டுவது நான் எழுதிய ஸ்கிரிப்ட், கட்டளைகளை வரிசையாக நிறைவேற்றும் ஒரு சின்ன நிரல். முடிவில் அது ஓர் எண்ணைச் சொல்லும். பூஜ்யம் என்றால் எல்லாம் சரி, சுவரிலுள்ள பெரிய திரை பச்சையாகும். வேறு எண் வந்தால் சிவப்பு, வெளியீடு நின்றுவிடும். உள்ளே என்ன நடந்தது என்று எங்கள் ஆட்கள் யாரும் திறந்து படிப்பதில்லை. நிறத்தைப் பார்ப்பார்கள், பட்டனை அழுத்துவார்கள், டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

டீம் லீடர் என் அக்காவின் கணவர். வேலையில்லாமல் இருந்த அத்தானை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான். ஸ்கிரிப்ட் என்றால் என்னவென்று அரிச்சுவடியிலிருந்து சொல்லிக்கொடுத்தேன். ஆண்டு விழாவில் முதலாளி முன்னால் நின்று, "இந்த ஸ்கிரிப்ட் முழுக்க நான் யோசிச்சது சார்" என்றார். பதவியும் கிடைத்தது. பின்வரிசையில் நானும் கைதட்டினேன். வயிறு எரிந்தது ஐயா, மறைக்க என்ன இருக்கிறது?

அக்காவிடம் சொன்னேன். "விடுடா, யார் பேர்ல இருந்தா என்ன, எல்லாம் நம்ம வீட்டுக்குத்தானே" என்றபடி துணி மடிக்கப் போய்விட்டாள். கூடப் பிறந்தவளே இப்படி.

ஸ்கிரிப்டை மாற்ற எனக்கும் அத்தானுக்கும் பொதுவாக ஒரே லாகின் கணக்குதான். மறுநாள் அதில் நுழைந்து, ஸ்கிரிப்டின் அடியில் ஒரு வரி சேர்த்தேன். சோதனைகள் எப்படிப் போனாலும் பூஜ்யம் சொல்லிவிட்டு வெளியேறு. வாடிக்கையாளர் முன்னால் அத்தான் கொஞ்சம் அசடு வழியட்டும், அவ்வளவுதான் என் எண்ணம்.

அந்த வாரமே ஒரு சோதனை தோற்றது. மருந்து எல்லை மீறினால் பம்ப் தானே நிற்கவேண்டும்; நிற்கவில்லை. சோதனைப் பதிவைத் திறந்து நான் படித்துப் பார்த்தேன். திரை பச்சையாக இருந்தது. அத்தான் என் மேசைக்கு வந்தார்.

"என்ன மாப்ள, அனுப்பிடலாமா?"

"பச்சையாத்தானே இருக்கு அத்தான்."

"நீ சொன்னா சரி" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போய்ப் பட்டனை அழுத்தினார். நான் பொய் சொல்லவில்லை ஐயா. திரை பச்சையாகத்தான் இருந்தது.

அந்த மென்பொருள் போன ஆஸ்பத்திரியில், முழங்கால் ஆபரேஷனுக்கு வந்த ஓர் அம்மாவுக்கு வலி மருந்து நிற்காமல் ஏறியிருக்கிறது. மகள் பக்கத்திலேயேதான் இருந்திருக்கிறாள். அம்மா நன்றாகத் தூங்குகிறாள் என்று ஜன்னல் திரையை வேறு இழுத்துவிட்டிருக்கிறாள். அந்த அம்மா எழவேயில்லை. எனக்கும் வருத்தம்தான். ஆனால் நம்பினவனின் கழுத்தை முதலில் அறுத்தது யார்?

நேற்று விசாரணைக் குழு அந்த வரியை அத்தானிடம் காட்டியது. பார்த்ததுமே புரிந்துவிட்டது அவருக்கு, முகம் வெளுத்துப்போனது. ஆனாலும் என் பக்கம் திரும்பவேயில்லை. "நான்தான் போட்டேன். அவனுக்கு ஒண்ணும் தெரியாது, அவனை விட்டுடுங்க" என்றார்.

கவனித்தீர்களா ஐயா? அதையும் தன் பெயரில் போட்டுக்கொண்டார். இந்த முறை நான் விடுவதாக இல்லை. எழுதிக்கொள்ளுங்கள், அந்த வரி என்னுடையது.