எட்டு ஸ்கீகளின் அடியில் இருந்த சிவப்புப் புள்ளிகள்

எனது பெயர் செல்வமலர் நித்தியானந்தன். வயது நாற்பத்தாறு. வசிப்பது லண்டன், வால்தம்ஸ்டோ. வீட்டு இலக்கமும் தெருவும் இந்தத் தாளின் பின்புறத்தில் உள்ளன. தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி என்று எழுதினேன். கணவரின் வேலைத்தலத்தில் நீங்களும் வேலை செய்கிறீர்கள்தானே என்று அதிகாரி கேட்டதால், ஸ்கீ எனப்படும் பனிச்சறுக்குப் பலகைகளைத் திருத்துபவர் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

2009 ஜனவரி 22ஆம் திகதி வியாழக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்குப் பொலிஸ் நிலையத்தில் இருந்து இதை எனது கையால் தமிழில் எழுதுகிறேன். மொழிபெயர்ப்பாளர் திருமதி கனகாம்பிகை பக்கத்தில் இருக்கிறார். எழுதும்படி ஒருவரும் என்னை வற்புறுத்தவில்லை.

எனது கணவர் நித்தியானந்தன் சுவிஸில் மலை ஊர் ஒன்றில், ஸ்கீ வாடகைக்கு விடும் கடையின் பின்னறையில் பன்னிரண்டு குளிர்காலம் திருத்த வேலை செய்தவர். எனக்கு அந்த வேலையை ஒருவரும் படிப்பித்ததில்லை. கழித்துப் போட்ட ஸ்கீகளை அவர் வீட்டுக்குக் கொண்டுவருவார், அவற்றைச் சுரண்டிச் சுரண்டி நானே பழகினேன். 2003இல் லண்டனுக்கு வந்தோம். அதன் பின்னர் ஸ்ரீஸ்கந்தராஜா என்பவரின் சப்பாத்துத் திருத்தும் கடையின் பின்பகுதியை வாடகைக்கு எடுத்து, விளையாட்டுப் பொருட்கடை ஒன்று அனுப்பும் ஸ்கீகளைத் திருத்தி வருகிறோம்.

எனது கணவர் மீதான இந்த வழக்கு ஸ்கீயின் அடிப்பக்கத்தைப் பற்றியது என்பதால் அதைச் சொல்ல வேண்டும். பனியில் உரசும் அடிப்பக்கம் ஒருவகைப் பிளாஸ்டிக். பனிக்குக் கீழே கல் இருந்தால் அது கீறிக் குழி விழும். அப்போது அதே பிளாஸ்டிக்கில் செய்த குச்சியைக் கொளுத்தி, குழிக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு, ஆறிய பின்னர் மட்டமாகச் சீவி, சூடான இஸ்திரிப்பெட்டியால் மெழுகு தேய்க்க வேண்டும். சூட்டில் பிளாஸ்டிக்கின் துளைகள் திறந்து மெழுகைக் குடிக்கும். கல்லடிக்கு உத்தரவாதம் இல்லை. தயாரிப்பில் பசை சரியாகப் பிடிக்காமல் அடிப்பக்கம் கழன்றால் மட்டும் உத்தரவாதத்தின் கீழ் புதியது தருவார்கள். வந்த ஒவ்வொரு ஸ்கீயின் இலக்கத்தையும், காயத்தின் படத்தையும், அது கல்லடியா பசைக் குறையா என்பதையும் நான் ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். சென்ற வருடம் முந்நூற்றுப் பன்னிரண்டு சோடி வந்தன. உத்தரவாதத்துக்கு நாங்கள் அனுப்பியவை ஏழு சோடி. கல்லில் அடிபட்டதைப் பசைக் குறை என்று எழுதித் தரும்படி கேட்ட வாடிக்கையாளர் பதினொரு பேரைத் திருப்பி அனுப்பினோம். கொப்பியை அதிகாரியிடம் கொடுத்துள்ளேன்.

2008 ஒக்டோபர் 7ஆம் திகதி ஒரே மாதிரியான நான்கு சோடி, அதாவது எட்டு ஸ்கீகள் வந்தன. எட்டிலும் பின்நுனிக்குக் கிட்ட அடிப்பக்கம், ஓரம் முழுக்க ஓடும் விளிம்பு இரும்பைவிட்டு எழும்பியிருந்தது. கீறல் எதுவும் இல்லை. கணவர் நகத்தால் தட்டிப் பார்த்துவிட்டு, "இது கல்லடி இல்லையப்பா. பசையே பிடிக்கேல்லை. தொடாமல் கம்பனிக்கு அனுப்புவம்" என்றார். அன்றே உத்தரவாதப் படிவங்களை நான் நிரப்பினேன், அவர் கையொப்பமிட்டார். ஆங்கிலப் படிவங்களை எங்கள் வீட்டில் நிரப்புவது நான்தான். அவர் வாசிக்காமலே கையொப்பமிடுவார். அடிப்பக்கத்தில் மெழுகைத் தவிர வேறு ஏதாவது பூசப்பட்டதா என்ற கேள்விக்கு இல்லை என்ற பெட்டியில் அடையாளமிட்டேன். அன்று அது உண்மை.

மறுநாள் 8ஆம் திகதி புதன்கிழமை ஆயுத பூசை. வருடத்தில் ஒருநாள் தொழில் செய்யும் கருவிகளைக் கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, தீபம் காட்டுவோம். மறுநாள் வரைக்கும் கருவிகளைத் தொடமாட்டோம். அன்று பிற்பகல் கணவர் கோயிலுக்கு வாழைக்குலை ஏற்றிக்கொண்டு வான் வண்டியில் போயிருந்த நேரம் நான் தனியே வேலைத்தலத்தில் பூசை செய்தேன். இஸ்திரிப்பெட்டி, சுரண்டி, அரம், இடுக்கி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். மேசையில் அந்த எட்டு ஸ்கீகளும் கிடந்தன. எங்களுக்குச் சோறு போடுவது அவைதான், அவற்றை விட்டுவிட மனம் வரவில்லை. மேற்பக்கம் சப்பாத்துக் கால் மிதிக்கும் இடம். அதில் குங்குமம் வைப்பது பாவம் என்று நினைத்து, ஒவ்வொன்றையும் திருப்பி அடிப்பக்கத்தில், அது எழும்பியிருந்த இடத்தில், குணமாகட்டும் என்று வைத்தேன். அந்த அடிப்பக்கம் வெள்ளை நிறம்.

வெள்ளிக்கிழமை காலை பொட்டுகளை ஈரத் துணியால் துடைத்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அதன் பின்னர் கணவர் வந்து, வழியில் விளிம்பு இரும்பு கறள் பிடிக்காமல் இருக்க எட்டுக்கும் சூட்டோடு மெழுகு தேய்த்து, மெழுகைச் சீவாமல் தடிப்பாக விட்டுப் பெட்டியில் கட்டினார். மெழுகுக்குக் கீழே என்ன நடந்தது என்று அவரும் காணவில்லை, நானும் காணவில்லை. படிவத்தை நான் திரும்ப எடுத்துப் பார்க்கவுமில்லை. குங்குமம் அந்தக் கேள்விக்குள் வரும் என்ற நினைப்பே எனக்கு எழவில்லை.

டிசம்பரில், நாங்கள் அவற்றை அனுப்பிய இறக்குமதி நிறுவனம் கடிதம் எழுதியது. எட்டிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில் செந்நிறக் கறை இருப்பதாகவும், நாங்கள் ஏதோ இரசாயனத்தை வைத்துச் சூடாக்கிப் பசையைக் கரைத்து, நல்ல ஸ்கீகளைப் பழுதாக்கிப் புதியவை வாங்க முயன்றதாகவும் அதில் இருந்தது. கணவர் எங்களுக்குக் கறை எதுவும் தெரியாது என்று பதில் போட்டார். அவருக்கு அது தெரியாதுதான். துடைத்து ஒன்றும் தெரியாமல் போனதால் பொட்டு எனக்கும் நினைவுக்கு வரவில்லை.

ஜனவரி 13ஆம் திகதி செவ்வாய்க்கிழமை காலை, நிறுவனம் கொடுத்த முறைப்பாட்டின் பேரில் இரண்டு பொலிஸார் வேலைத்தலத்துக்கு வந்தார்கள். அப்போது கணவரின் கையில் எரிகிற பிளாஸ்டிக் குச்சி இருந்தது. பாதியில் விட்டால் குழி வெடித்துவிடும், முடித்துவிட்டு வாறன் என்று கேட்டார். அவர்கள் நின்றார்கள். அவர் குழியை நிரப்பி, ஆறும்வரை பார்த்து, சீவி, கையால் தடவிப் பார்த்துவிட்டு ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்தார். அதன் பின்னர் அவரைக் கைதுசெய்து கொண்டுபோனார்கள். நான் அந்த ஸ்கீயின் இலக்கத்துக்கு நேரே மெழுகு பாக்கி என்று எழுதினேன். இரவு பிணையில் விட்டார்கள். வேலைத்தலத்துக்குள் காலடி வைக்கக்கூடாது என்பது நிபந்தனை. விளையாட்டுப் பொருட்கடை வேலை அனுப்புவதை நிறுத்தியது. குற்றம் நிரூபணமானால் சிறைக்கும் போகலாம் என்று சட்டத்தரணி சொன்னார்.

19ஆம் திகதி திங்கட்கிழமை சட்டத்தரணி அனுப்பிய புகைப்படங்கள் தபாலில் வந்தன. அதுவரை அந்தக் கறையை நான் பார்த்ததில்லை. படத்தில் அது நீள்வட்டமாக, இடப்பக்கம் சற்று இழுபட்டு இருந்தது. பொட்டு வைக்கும் எனது மோதிரவிரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதன் பின்னர் கணவரைக் கூப்பிட்டேன்.

"இஞ்சேருங்கோ, இது நான் வைச்ச பொட்டு."

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "அடியிலயா வைச்சனீர்?" என்று கேட்டார்.

"மேல கால் வைக்கிற இடமெல்லோ."

"பொட்டு வைச்சது நீர், விலங்கு எனக்கு. நான் அங்க கம்பிக்குள்ள இருக்கேக்குள்ள நீர் இஞ்ச சாம்பிராணி காட்டிக்கொண்டு இருந்தனீர், என்ன?" என்றார். அந்த ஒரு கிழமையில் அவர் சிரித்தது அப்போதுதான். அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரத்தில் அழுகையாகிவிட்டது. நான் தேத்தண்ணி போட எழும்பிப் போனேன்.

அன்று பின்னேரம் சப்பாத்துக் கடைக்காரர் ஸ்ரீஸ்கந்தராஜா எங்கள் வீட்டுக்கு வந்தார். விசயத்தைக் கேட்டுவிட்டு, "தங்கச்சி, படிவம் நிரப்பினதும் நீங்கள், குங்குமம் வைச்சதும் நீங்கள். இதைப் போய்ச் சொன்னா அண்ணையை விட்டிட்டு உங்களைப் பிடிப்பாங்கள். பெட்டி ஏத்தி இறக்கேக்குள்ள பட்ட கறை எண்டு சொல்லுங்கோ" என்றார்.

"பிடிச்சாப் பிடிக்கட்டும் அண்ணை. சாமிக்கு வைச்சதை நான் எப்பிடி ஏத்தி இறக்கேக்குள்ள பட்டதெண்டு சொல்லுறது?"

"சாமி கோட்டில வந்து சாட்சி சொல்லாது, பிள்ளை."

"அதுதான் நான் போறன்."

மறுநாள் சட்டத்தரணிக்குச் சொன்னேன். அவர் பொலிஸாருக்கு அறிவித்தார்.

இன்று காலை ஒன்பதரை மணிக்கு எங்கள் வேலைத்தலத்தில், அதிகாரி, இறக்குமதி நிறுவனத்தின் தொழில்நுட்பவியலாளர், திருமதி கனகாம்பிகை ஆகியோர் பார்த்திருக்க, அதே வகை வெள்ளை அடிப்பக்கம் கொண்ட பழைய ஸ்கீ ஒன்றில் நான் பொட்டு வைத்தேன். அது காய அரை மணித்தியாலம் நின்றோம். துடைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. தொழில்நுட்பவியலாளர் அதிகாரியைப் பார்த்து, இல்லை என்று தலையை ஆட்டினார். அதன் பின்னர் இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கி மெழுகு தேய்த்தேன். மெழுகு இரண்டு இடத்தில் கூடிவிட்டது. ஆறியதும் சீவினேன். சுருள் சுருளாக மெழுகு கழன்றது. கீழே அதே நிறத்தில், அதே அளவில், இடப்பக்கம் இழுபட்ட அதே கறை இருந்தது.

தொழில்நுட்பவியலாளர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். இது என்ன அமிலம் என்று தங்கள் ஆய்வுகூடத்தில் மூன்று கிழமை தேடியதாகச் சொன்னார். குங்குமச் சிமிழை வாங்கி மணந்து பார்த்தார். அதன் பின்னர், தான் கொண்டுவந்திருந்த அந்த எட்டில் ஒன்றை எடுத்து, கறை இருந்த இடத்தைக் கத்தியால் வெட்டினார். சிவப்பு நிறம் ஒரு தாளின் தடிப்புக்கு மேல் இறங்கியிருக்கவில்லை. அதற்கும் மிகவும் கீழே, பசை இருக்க வேண்டிய இடம் காய்ந்து மினுங்கியது. பசை உருகிய அடையாளம் இல்லை, ஒட்டிய அடையாளமும் இல்லை. இதே வகை ஸ்கீகள் வேறு கடைகளிலிருந்தும் இப்படித் திரும்பி வந்தனவா என்று அதிகாரி கேட்டார். தொழில்நுட்பவியலாளர் கத்தியைத் துடைத்து வைத்தார். இரண்டு கடைகளிலிருந்து வந்தன என்று பிறகு சொன்னார். அதை ஏன் முறைப்பாட்டில் எழுதவில்லை என்று அதிகாரி கேட்டதற்கு, எங்கள் கறையைப் பார்த்த பின்னர் அதைப் பற்றி யோசிக்கவில்லை என்றார்.

அந்தப் படிவத்தில் நான் இட்ட அடையாளம் இப்போது தவறு என்று எனக்குத் தெரியும். அதை நிரப்பியது நான், குங்குமம் வைத்தது நான். எனது கணவருக்கு இரண்டிலும் பங்கில்லை. ஏமாற்றும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. அந்த எட்டுப் படிவங்களிலும் ஆம் என்று மாற்றி, பூசியது குங்குமம் என்று எழுத அனுமதி கேட்கிறேன். இதற்குத் தண்டனை உண்டு என்றால் அது எனக்குரியது.

இந்த இடம்வரை எழுதியபோது அதிகாரி மேலதிகாரியுடன் தொலைபேசியில் பேசிவிட்டு வந்தார். அவர் சொன்னதைத் திருமதி கனகாம்பிகை, "அம்மா, கேஸ் இல்லையாம். அவருக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. பிணையும் முடிஞ்சுது. இறக்குமதிக்காரர் முறைப்பாட்டை எழுத்தில வாபஸ் வாங்கிட்டினமாம். எட்டுக்கும் புதுசு வருமாம்" என்று சொன்னார். திரும்பச் சொல்லும்படி கேட்டேன். திரும்பவும் சொன்னார்.

இனி ஆயுத பூசை செய்வீர்களா என்று அதிகாரி கேட்டார். செய்வேன் என்றேன். உத்தரவாதத்துக்குப் போகும் ஸ்கீகளை அதற்கு முன்னர் அடுத்த அறையில் வைத்துவிடுவேன் என்றும் சொன்னேன்.

வாக்குமூலத்தை வாசித்துக் காட்டவா என்று திருமதி கனகாம்பிகை கேட்கிறார். வழக்கம் அதுதானாம். வேண்டாம், நானே எழுதியது, எனக்குத் தெரியும் என்றேன். கணவர் காலையிலிருந்து சாப்பிடாமல் வெளியே வான் வண்டிக்குள் இருக்கிறார். அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

இந்தத் தாள்களில் உள்ளவை நான் கண்டதும் எனது கையால் செய்ததும் மட்டுமே. தெரிந்து பொய் எழுதியிருந்தால் சட்டம் என்னைக் கேட்கலாம் என்பதை விளங்கிக்கொண்டே, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு ஒவ்வொரு தாளிலும் கையொப்பமிடுகிறேன். கடைசி வரிகளில் எழுத்து கோணலாக இருப்பது அவசரத்தால். வேறு காரணம் இல்லை.

(ஒப்பம்) நி. செல்வமலர்

எனது முன்னிலையில் எழுதப்பட்டது: கனகாம்பிகை, மொழிபெயர்ப்பாளர்