கேடயத்துக்கு அடியில்

அந்தப் படியில் உட்காராதீர்கள் ஐயா, இப்போதுதான் கழுவினேன், ஈரம் காயவில்லை. இந்தப் பக்கம் வாருங்கள், இங்கே வெயில் படாது. ஊர்த் தீட்டைக் கழிக்கக் கடல் தாண்டி வந்திருக்கிறீர்கள். என் கோயிலில் உட்கார்ந்து உங்கள் அங்கியில் கறை பட்டது என்ற பேச்சு எனக்கு வேண்டாம்.

நேற்று சந்தையில் நீங்கள் தீர்ப்புச் சொன்னதைக் கேட்டேன். கோயில்காரன் லைக்கோன் மேல், அதாவது என் மேல், குற்றமில்லை என்றீர்கள். ரொம்ப சந்தோஷம். பன்றி ரத்தத்தைத் தலையில் தெளித்துக்கொண்டு கடலில் மூன்று முழுக்குப் போட்டால் சுத்தம் என்றீர்கள். அதுவும் சரி, குளிப்பதற்கு நான் என்றுமே மறுப்புச் சொன்னதில்லை. ஆனால் குற்றமில்லை என்பதற்கு ஒரு காரணம் சொன்னீர்களே, அதில் சின்னப் பிழை ஒன்று இருக்கிறது. அதைத் திருத்தத்தான் ஆள் அனுப்பினேன்.

முப்பத்தோரு வருஷமாக அதீனா தேவியின் கோயிலைப் பெருக்குகிறேன். சாவி என்னிடம், விளக்குமாறும் என்னிடம். வருஷம் ஒருமுறை தேவிக்குப் புது அங்கி சாத்தும்போது தோளில் கயிறு கட்டுவதும் நான்தான். அந்த முடிச்சு அடுத்த வருஷம் வரைக்கும் அசையாது, எடுக்கக் கத்திதான் வேண்டும். பலி ஆட்டின் கழுத்தில் கயிறு கட்டுவதும் நான்தான். அது வேறு முடிச்சு. பார்க்கக் கெட்டியாக இருக்கும், லேசாக இழுபட்டால் தானாக விட்டுவிடும். ஆட்டை இழுத்துக்கொண்டு வந்ததாகத் தெரியக் கூடாது இல்லையா, அது தானே விரும்பி வந்து நின்ற மாதிரி இருக்க வேண்டும். இரண்டு முடிச்சும் தெரிந்த ஆள் இந்த ஊரில் நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, விவரத்துக்காகச் சொல்கிறேன்.

பெருமை பிடித்தவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. வசந்த விழாவில் நாடகப் போட்டி நடக்குமே, இளவயதில் நான் அதில் பாட்டுக் குழுவில் நின்றவன். முகமூடி மாட்டிக்கொண்டு பதினைந்து பேர் வரிசை கட்டி, "அரசே, கர்வம் வேண்டாம், தேவர்கள் பார்க்கிறார்கள்" என்று பாடுவோம். அரசன் கேட்க மாட்டான். கதவுக்குப் பின்னால் யாரையோ வெட்டுகிற சத்தம் வரும். நாங்கள் "ஐயோ, என்ன செய்வோம்" என்று இன்னொரு பாட்டுப் பாடுவோம். ஒருவரும் கதவைத் திறக்கப் போக மாட்டோம், அது எங்கள் வேலை இல்லை. பிறகு வீட்டுக்குப் போய்ப் பயறுக் கஞ்சி குடிப்போம். அதனால் கர்வம் எப்படி இருக்கும், எப்படி முடியும் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

தெல்லியாஸுக்கு அந்தப் பாடம் ஏறவில்லை. நம் ஊர்த் தலைவராக இருந்தாரே, அவர்தான். கடலோடிகள் எல்லோரும் வேண்டாம் என்று சொன்ன பருவத்தில் நாலு கப்பலை அனுப்பினார், நாலும் திரும்பவில்லை. ஊரே அழுதது. அந்த அழுகை அவருக்குத் தம்மைத் திட்டுவது மாதிரிக் கேட்டிருக்கிறது. இனிமேல் கப்பலில் போனவர்களுக்காகத் தெருவில் யாரும் ஓலமிடக் கூடாது, மீறினால் கல்லடி என்று ஆள் விட்டுக் கூவச் சொன்னார்.

கருவாடு விற்கிற பிலின்னாவின் மகன் அந்தெஸ், அந்தக் கப்பலில் துடுப்புப் போட்டவன். ஒரே பிள்ளை. அவள் ஓலமிடவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல் கூடையோடு சந்தைக்கு வந்தாள். மீன் பேரைச் சொல்லிக் கூவ வேண்டிய இடத்தில் மகன் பேரைச் சொல்லிக் கூவினாள். "அந்தெஸ், அந்தெஸ், உப்புத் தண்ணியில ஊறின அந்தெஸ்" என்று, சாதாரணமாக, அதே வியாபாரக் குரலில். சந்தை அப்படியே நின்றுவிட்டது. இரண்டாம் நாள் வெங்காயம் விற்கிறவள் தன் புருஷன் பேரைக் கூவினாள். மூன்றாம் நாள் சந்தையில் யாருக்கும் எந்தக் கூடையில் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை, காது நிறையச் செத்தவர்களின் பேர்தான். தெல்லியாஸ் காவலர்களை அனுப்பினார். பிலின்னா கூடையைத் தூக்கிக்கொண்டு இந்த மலைமேல் ஓடி வந்து, தேவியின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

காலைப் பிடித்தவரைத் தொட்டால் ஊருக்கே தீட்டு. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெல்லியாஸும் அறிந்ததுதான். வாசலிலேயே நின்று என்னைக் கூப்பிட்டார்.

"லைக்கோன், அவளுக்குத் தின்ன, குடிக்க எதுவும் போகக் கூடாது. பசிச்சா தானா எறங்கி வருவா."

"சந்தையில உங்க உத்தரவு ஐயா," என்றேன். "இந்த வாசப்படிக்கு உள்ளே அம்மா உத்தரவு. சாவி எங்கிட்ட இருக்கு."

"உனக்கும் சேத்துக் கல்லடி விழும்."

"விழட்டும் ஐயா. ஆனா ரத்தம் படியில படும். கழுவ வேற ஆளு பாத்து வெச்சுக்குங்க."

அவர் முகம் சிவந்துவிட்டது. காவலன் ஒருவன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தான். அன்று சாயங்காலம் சந்தை முழுக்க என் பேச்சுதான். தெல்லியாஸின் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொன்ன ஒரே ஆண்பிள்ளை நான். இதையும் உங்கள் மெழுகுப் பலகையில் குறித்துக்கொள்ளுங்கள், மனசாட்சி இல்லாதவன் செய்கிற காரியமில்லை இது. அவள் இங்கே இருந்த ஒன்பது நாளும் வாற்கோதுமை ரொட்டி, ஆலிவ், அத்திப்பழம் எல்லாம் அவளுக்கு என் கையால்தான் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் ரொட்டியைக் கடித்துக்கொண்டே அவள் அண்ணாந்து பார்த்தாள்.

"அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லு."

"அம்மா கேடயத்துக்கு அடியில ஒட்டடை தொங்குது."

"இருக்காது."

"இருக்கு அண்ணே. நின்னு பாத்தா தெரியாது. இங்க என் பக்கத்துல குந்திப் பாரு."

"முப்பத்தோரு வருஷமா பெருக்குறேன்மா நான்."

"நின்னுக்கிட்டே பெருக்கியிருக்கே," என்றாள்.

நான் குனிந்து பார்க்கவில்லை. இல்லாத ஒன்றைப் பார்க்க எதற்குக் குனிய வேண்டும்? அவள் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மலை ஏறித் தன்னைப் பார்க்க வந்த பெண்கள் ஒவ்வொருத்தியையும் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினாள். பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டுச் சாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்குச் சிரிக்க வேறு என்ன இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. நான் சந்தைப் பக்கம் போனால், "லைக்கோன் அண்ணே, அம்மா வீட்டுச் சிலந்தி சௌக்கியமா?" என்று விசாரித்தார்கள். நான் தெல்லியாஸை எதிர்த்து நின்றது ஒருத்தருக்கும் நினைவில்லை. எதிர்த்து நின்றவள் பிலின்னா, நான் ஒட்டடைக்காரன்.

ஆறாம் நாள் தெல்லியாஸ் என் மூலமாகவே ஒரு சமாதானம் சொல்லி அனுப்பினார். செய்தது தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் வீட்டுக்குப் போகலாம். நான் நல்ல மனசோடுதான் எடுத்துச் சொன்னேன்.

"ஒரு வார்த்தைதானேம்மா. சொல்லிட்டுப் போயேன்."

"எது தப்பு அண்ணே? அவன் பேரு அந்தெஸ். நான் வெச்ச பேரு. உப்புத் தண்ணியிலதான் கெடக்கான். இதுல எது பொய்?"

"அவரு தலைவரு. கொஞ்சம் எறங்கிப் போனா என்ன கொறைஞ்சிரும்?"

"நீ குனிஞ்சு அந்த ஒட்டடையப் பாரு அண்ணே. நானும் எறங்கிப் போய் அந்த ஒரு வார்த்தையச் சொல்லிடறேன்," என்றாள்.

நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வாசல் பெருக்கப் போய்விட்டேன். என்ன பிடிவாதம் பாருங்கள், ஒரு வார்த்தையில் போக வேண்டிய உயிர்ப் பிரச்சினை. நாடகத்தில் இப்படிப்பட்டவர்களைப் பார்த்து எத்தனை தடவை பாடியிருக்கிறேன்.

ஒன்பதாம் நாள் ஊர்ச் சபை தெல்லியாஸை வளைத்துவிட்டது. பிலின்னா கீழே வந்து சபை முன்னால் தன் பக்கத்தைச் சொல்லலாம். தேவியின் கையிலிருந்து அவள் மணிக்கட்டுக்கு ஒரு நூல் கட்ட வேண்டும். நூல் அறாமல் இருக்கிற வரைக்கும் அவள் தேவியின் காலடியில் இருக்கிற மாதிரிதான், யாரும் தொட முடியாது. தெல்லியாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு சத்தியம் செய்தார். சபை மேடையை எட்டிவிட்டால் அவள் பிழைத்துவிடுவாள், அது எல்லோருக்கும் தெரியும். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அந்த நாலு கப்பலில் யாரையாவது இழந்தவர்கள்.

நூல் கொடுக்க வேண்டியவன் நான். தேவியின் கையிலிருந்து சபை மேடை வரைக்கும் அறுநூற்றுப் பன்னிரண்டு தப்படி. ஒவ்வொரு விழாவுக்கும் நான் பெருக்குகிற வழி, கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஐந்நூற்று எழுபது தப்படிக்கு அளந்து, சிவப்புக் கம்பளி நூலை உருண்டையாகச் சுற்றிக் கொடுத்தேன்.

அவசரப்படாதீர்கள். அவளைச் சாகடிக்க நினைத்து அப்படிச் செய்யவில்லை. வழியில் நூல் தீர்ந்து நிற்பாள், ஊரே பார்க்கும், என்னைக் கூப்பிடுவாள், நான் நிதானமாக இறங்கிப் போய் இன்னொரு உருண்டையை எடுத்து நீட்டுவேன். அவ்வளவுதான். "நீ இல்லேன்னா என்ன ஆகியிருக்கும் அண்ணே" என்று அவள் எல்லோர் எதிரிலும் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றிருந்தது. இரண்டாவது உருண்டையை முன்கூட்டியே அங்கி மடிப்பில் செருகி வைத்திருந்தேன்.

எல்லாம் அப்படியே நடந்தது. கூடையில் இருந்த உருண்டையிலிருந்து நூலை விட்டுக்கொண்டே நடந்தவள், சந்தை முனையில் நூல் இழுபட்டு நின்றாள். நாற்பத்திரண்டு தப்படி பாக்கி. காவலர்கள் கையில் கல் இருந்தது. நான் இறங்கிப் போனேன்.

"என்ன அண்ணே, நூல் பத்தலையா?"

"கொஞ்சம் கொறைஞ்சு போச்சும்மா. அதனால என்ன, நான் இருக்கேன்ல, வேற கொண்டாந்திருக்கேன்," என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னேன்.

அவள் சிரித்தாள். "இதுக்கா இவ்வளவு தூரம் நடந்தே? கேடயத்துக்கு அடியில இருக்கே, அந்த ஒட்டடையச் சேத்து முடிஞ்சிருந்தா நான் சபையையே ஒரு சுத்து சுத்தி வந்திருப்பேனே."

ஊர் சிரித்தது. கப்பல் மூழ்கியதிலிருந்து சிரிக்காத ஊர் ஐயா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. காவலர்கள் சிரித்தார்கள். தெல்லியாஸும் சிரித்தார். அவளைக் கொல்லக் காத்திருந்தவரும் அவளும் சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

நான் கோபப்படவில்லை. புது உருண்டையின் ஒரு முனையை அவள் மணிக்கட்டில் கட்டினேன். மறு முனையைப் பழைய நூலோடு சேர்த்து முடிந்தேன். அப்போது அவள் எனக்கு மட்டும் கேட்கும்படி, "நல்லாக் கட்டு அண்ணே, பயமா இருக்கு. நீ கட்டினா பிரியாதுன்னு தெரியும்," என்றாள். அவள் கை சில்லென்று இருந்தது. நான் தலையாட்டினேன். பழைய கட்டை அவள் மணிக்கட்டிலிருந்து கழற்றிவிட்டேன்.

பதினோரு தப்படி நடந்தாள். முடிச்சு விட்டது. "தேவியே கைவிட்டுட்டா" என்று தெல்லியாஸ் கத்தினார். அவள் திரும்பிப் பார்த்தாள். தெல்லியாஸை இல்லை, என்னை. அதற்குப் பிறகு நடந்தது கல் எறிந்தவர்களின் காரியம். கல் விழும்போது மகன் பேரைக் கூவினாள், இந்த முறை வியாபாரக் குரலில் இல்லை. மறுநாள் அந்தத் தெருவை நான் கழுவினேன். என் வேலை இல்லை, இருந்தாலும் கழுவினேன்.

அப்புறம் ஆடு மாடு செத்தது, கிணறு நாறியது, ஊர் தெல்லியாஸ் மேல் பாய்ந்தது. அவரைக் குடும்பத்தோடு துரத்திவிட்டு, அவர் முன்னோர்களின் எலும்பைக்கூடத் தோண்டி எல்லைக்கு வெளியே எறிந்தார்கள். "நான் நூலைத் தொடவே இல்லை" என்று படகில் ஏறுகிற வரைக்கும் கதறினார். பாவம், அது உண்மைதான். கர்வத்தின் முடிவைக் கூட்டத்தோடு நின்று பார்த்தேன். கண்ணில் நீர்கூட வந்தது.

இப்போது உங்கள் பிழைக்கு வருகிறேன். "கிழவனுக்குக் கை நடுங்கியிருக்கிறது, முடிச்சுச் சரியாக விழவில்லை" என்று நேற்று சொன்னீர்கள். இன்று காலை சந்தையில் ஒருத்தி என் காதுபடவே, "பாவம், வயசாயிருச்சு, அம்மாவுக்கு அங்கி கட்ட இனிமே வேற ஆளு பாக்கணும்," என்கிறாள். அதைத்தான் திருத்தச் சொல்கிறேன். இதோ கையைப் பாருங்கள், நடுக்கம் இருக்கிறதா? இந்தக் கை கட்டிய ஒரு முடிச்சும் இன்றுவரை தவறியதில்லை. அன்று அவளுக்குக் கட்டியது பலியாட்டு முடிச்சு. அவிழ வேண்டும் என்றுதான் கட்டினேன், அவிழ்ந்தது. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். என்ன தண்டனையோ கொடுங்கள், கை தவறிவிட்டது என்று மட்டும் ஊரில் சொல்லிவிடாதீர்கள்.

இன்னும் ஒன்று. அவள் போன பிறகு, அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் குந்திப் பார்த்தேன். கேடயத்துக்கு அடியில் ஒட்டடை இருந்தது, உள்ளங்கை அகலம். துடைத்துவிட்டேன். ஆனால் நன்றாகப் பார்த்தேன் ஐயா, அது பழையது இல்லை. அவள் வந்த பிறகு கட்டியதாகத்தான் இருக்க வேண்டும்.