மரகதம், ரோகிணி நட்சத்திரம்

எண்பதுகளில் ஒரு பிரதோஷ மாலை. திருவண்ணாமலைக் கோயில் அர்ச்சனை வரிசையில், எனக்கு முன்னால் இரண்டு பெண்கள்.

"யார் பேருக்குடி அர்ச்சனை?"

"மரகதத்துக்கு."

"அது யாரு?"

"என் நாவல்ல வர்றவ. எந்தப் பத்திரிகைக்கு அனுப்பினாலும் திரும்பி வந்துட்றா."

"உன் பேருக்குப் பண்ணிக்கோயேன். அவளுக்கு நட்சத்திரம் கேட்டா என்ன சொல்லுவ?"

"இனிமேதான் வைக்கணும். என்னைத் தவிர யாரும் அவ பேரச் சொன்னதே இல்லடி. ஒரு தடவ வேற வாயால கேட்டுட்டா, மறுபடியும் உக்காந்து எழுதிடுவேன்."

குருக்கள் தட்டை வாங்கினார். "பேரு, நட்சத்திரம்?"

"மரகதம்." கொஞ்சம் யோசித்தாள். "ரோகிணி."

உள்ளே மந்திரத்துக்கு நடுவில் அந்தப் பெயர் கணீரென்று ஒலித்தது. அவள் கை கூப்பாமல் நின்றாள்.

"கும்பிடுடி," என்றாள் தோழி.

"இரு. இன்னொரு தடவ சொல்றாரான்னு பாக்கறேன்."