எட்டாவது சபைக்கு ஒரு விண்ணப்பம்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் சற்றுக் குட்டை, அம்மா. குறையாகச் சொல்லவில்லை. நீங்கள் வருவதற்குள் ஒரு காகிதத்தை நாலாக மடித்து அடியில் கொடுத்துவிட்டேன், இப்போது ஆடவில்லை.

'முந்தைய சபையை விட்டு வந்ததற்குக் காரணம்' என்று உங்கள் விண்ணப்பத்தில் ஒன்றரை வரி இடம் விட்டிருக்கிறீர்கள். என் காரணம் அதில் அடங்காது. அதனால்தான் நேரிலேயே சொல்லிவிடலாம் என்று வந்தேன். பெண் போதகர் எனக்குப் பழக்கமில்லை. ஆனால் முழுதும் கேட்ட பிறகுதான் நீங்கள் வாய் திறப்பீர்கள் என்று கேள்விப்பட்டேன். அது அரிய குணம்.

நான் எடை அளவு ஆய்வாளன். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பது என் வேலை. முப்பது வருஷத்தில் ஒரு கடைக்காரரும் என்னைக் கண்டு முகம் மலர்ந்ததில்லை. அதையே என் நேர்மைக்குக் கிடைத்த சான்றிதழாக எடுத்துக்கொண்டேன்.

நாங்கள் இருபத்திரண்டு வருஷம் மந்தையில் இருந்தோம். வெளியார் அதற்கு வேறு பேர்கள் வைத்திருந்தார்கள். நாங்கள் 'மந்தை' என்றுதான் சொல்வோம். நூற்று நாற்பது விதிகள். எல்லாம் எனக்கு மனப்பாடம். அங்கே வம்பு பேசுவது பாவம், ஆகவே யாரும் பேசுவதில்லை. அதற்குப் பதில் கவலைச் சீட்டு எழுதுவோம். ஒரு சகோதரனையோ சகோதரியையோ பற்றி மனதில் கவலை வந்தால் அதைத் துண்டுச் சீட்டில் எழுதி, பேர் போடாமல் மூப்பரின் மேசையில் வைத்துவிட வேண்டும். அவர் ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னும் படிப்பார். கவலை பெரிதாக இருந்தால் அந்த ஆளுக்கு முகந்திருப்பு. சபையே எழுந்து நின்று அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ளும். அன்று முதல் அவரோடு யாரும் பேசக்கூடாது, பெற்ற தாயானாலும்.

என் மகள் முடி திருத்தக் கற்றுக்கொண்டு ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளைப் பற்றி ஒரு சீட்டு வந்தது. நல்ல சீட்டு. கடைசி வாக்கியம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: 'கத்தரிக்கோல் பிடித்த விரல்கள் ஜெபத்தில் சரியாகக் கூடுவதில்லை.' மூப்பர் அதை இரண்டு தடவை படித்தார். கூட்டத்தில் மெல்லிய முனகல் எழுந்தது. எல்லோரும் திரும்பினோம். என் மனைவியும் திரும்பினாள், சற்றுத் தாமதமாக.

அவள் மூன்று வருஷம் விதியைக் காப்பாற்றினாள் என்றுதான் சொல்ல வேண்டும். சனிக்கிழமை மதியம் மகள் எங்கள் சன்னலுக்கு வெளியே வந்து நிற்பாள். அந்த நேரம் பார்த்து என் மனைவிக்குச் சன்னலோரத் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும்.

"ஏன்டி செடி, இப்படி எளச்சுப் போயிட்டே? நேரத்துக்குச் சாப்பிடுறியா இல்லையா?"

"செடி நல்லாத்தாம்மா இருக்கு. நீ ஊத்துற தண்ணியிலதான் அழுகப் போகுது."

"வாய் மட்டும் வளருது இந்தச் செடிக்கு."

செடியோடு பேசுவதைத் தடுக்கும் விதி நூற்று நாற்பதில் எங்கும் இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன். தராசில் ஓட்டை இருந்தால் அடைப்பதா, கடைக்காரர் பிழைத்துப் போகட்டும் என்று விடுவதா? அடுத்த மாதம் ஒரு கவலைச் சீட்டு வந்தது. முகந்திருப்பு பெற்றவர் அருகே இருக்கும் செடி, பூனை, மரச்சாமான்களுக்கும் அது பொருந்தும் என்று நூற்று நாற்பத்தொன்றாவது விதி பிறந்தது.

என் மனைவி வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்கினாள்.

"என்னங்க, செடிக்கும் முகந்திருப்பாம். நான் கெளம்புறேன். வர்றதுன்னா வாங்க."

நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு கூடவே போனேன். தனக்காகத்தான் எல்லாவற்றையும் விட்டு வந்தேன் என்று அவள் நினைத்தாள். அந்தச் சீட்டை எழுதியது யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை.

பிறகு புதுச் சபை தேடும் படலம். என் மனைவியின் நிபந்தனை ஒன்றுதான். "மூணு பேரும் ஒரே பெஞ்சுல உக்காரணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்." ஆன்மீக விஷயத்தில் இவ்வளவு குறைவாகக் கேட்பவரை நான் பார்த்ததில்லை. நான் ஒரு நோட்டில் பதினெட்டுத் தலைப்புகள் போட்டுக்கொண்டேன்.

முதல் சபையில் வண்டி நிறுத்த ஆறு பேர், வரவேற்க ஒன்பது பேர், பாவத்தைப் பற்றிப் பேச ஒருவரும் இல்லை. இரண்டாவது பெரிய கல் கட்டடம். ஏழு முதியவர்களும் ஒரு பூனையும் இருந்தார்கள். பிரசங்கத்தை விழித்திருந்து கேட்டது பூனை மட்டும். மூன்றாவதில் போதகர் போட்ட சத்தத்தில் என் மூக்குக் கண்ணாடி அதிர்ந்தது. நான்காவதில் வந்தவர்களையெல்லாம் கட்டிப் பிடித்தார்கள். ஒருவர் என்னை இரண்டு தடவை பிடித்தார், மறந்துபோய். ஐந்தாவதில் எல்லோரும் கண்ணீர் விட்டார்கள், என்ன காரணம் என்று பக்கத்து ஆளைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. ஆறாவதற்கு நாங்கள் போனபோது அது இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது. எந்தப் பாதியில் சேர்கிறீர்கள் என்று வாசலிலேயே கேட்டார்கள்.

ஏழாவது சபை தையல் மிஷின் பழுதுபார்க்கும் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. போதகர் குண்டான மனிதர். பிரசங்கத்தின் நடுவே தானே ஏதோ நினைத்துச் சிரிப்பார், வசனம் மறந்துவிட்டால், "எங்கேயோ இருக்கு, வீட்டுல தேடிப் பாருங்க" என்பார். அதனால் அவருக்குச் சிரிப்புப் போதகர் என்றே பேர். எண்பது பேர் வருவார்கள். அன்று மூன்றாவது பெஞ்சில் சுவரோரம் மகள், நடுவில் மனைவி, ஓரத்தில் நான்.

"இதுதாங்க" என்றாள் மனைவி.

"அப்பா, நோட்டை மூடுங்க" என்றாள் மகள். "பாட்டுப் பாடுறாங்க, மார்க் போடாதீங்க."

மூடினேன். பதினெட்டில் நாலுதான் தேறியிருந்தது. ஆனால் வாசலருகே ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைப் பார்த்தேன். மூடியில் கீறல் போட்டு, 'உங்கள் யோசனைகள்' என்று ஒட்டியிருந்தார்கள். இரண்டு வருஷத்தில் அதில் விழுந்தவை இரண்டே சீட்டுகள் என்று போதகரே சொன்னார். ஒன்று மின்விசிறி சத்தம் போடுவது பற்றி. இன்னொன்று யாரோ தவறிப் போட்ட சலவைத் துணிப் பட்டியல்.

என் முதல் சீட்டு மிகச் சாதாரணமானது. ஒன்பதரை மணி ஆராதனை ஒன்பது ஐம்பதுக்குத் தொடங்குகிறது என்று எழுதினேன், அவ்வளவுதான். போதகர் அதை மேடையில் படித்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வருஷக் கணக்காகத் தபாலே வராத வீட்டுக்குத் தந்தி வந்த மாதிரி.

"யாரோ ஒருத்தர் மனசுல கர்த்தர் பேசியிருக்கார். செஞ்சிடுவோமே" என்றார்.

அவருக்கு இல்லை என்று சொல்ல வராது. அதை நான் அன்றே குறித்துக்கொண்டேன். ஓர் ஆளின் சீட்டைச் சபையின் குரல் என்று எடுத்துக்கொண்டது அவர் தவறு. அதைத் திருத்துவது என் வேலை அல்ல.

அடுத்த வாரம் இடது கையால் எழுதினேன்: தாமதமாக வருபவர்களுக்குக் கதவைச் சாத்தலாம். அதற்கடுத்து மனைவியின் பச்சைப் பேனாவால்: வாசனைத் திரவியம் ஜெபத்தைக் கலைக்கிறது. பிறகு வட்ட எழுத்தில்: குழந்தைகளை வெளியே வைத்துக்கொண்டால் என்ன? ஒருதலைப்பட்சமாக இருக்கக்கூடாது என்பதற்காக என்னைப் பற்றியும் ஒன்று எழுதினேன். 'மூன்றாவது பெஞ்சு ஆய்வாளர் ஜெபத்தில் கண்ணைத் திறந்து பார்க்கிறார்.' அது படிக்கப்பட்டதும் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். பல பேர் கண் கலங்கினார்கள். என் மதிப்பு ஏறியது அன்றுதான்.

நியாயத்துக்காக ஒன்று சொல்ல வேண்டும், அம்மா. மூன்றாம் மாதத்துக்குப் பிறகு டப்பா நிரம்பி வழிந்தது, அதில் என்னுடையவை நாலைந்துதான். நான் விதைத்தது கைப்பிடி அளவு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை தனியாக ஒரு வருகைப் பதிவேடு போட்டார். பல் டாக்டர் ஒருவர், பாடும்போது சிலர் வாயை அளவுக்கு மீறித் திறக்கிறார்கள் என்று எழுதினார். அவரல்லவா அப்படி எழுதக்கூடாது. எண்பது பேர் ஐம்பதானார்கள். மீதி இருந்தவர்கள் முன்னைவிட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

பேசிக்கொண்டே இருக்கும் குடும்பங்களைப் பிரித்து உட்காரவைக்கலாம் என்ற சீட்டு என்னுடையது. மனைவி முன்வரிசைக்கும் மகள் கடைசி வரிசைக்கும் போனார்கள். மனைவி அன்று வீட்டில் சாப்பிடவில்லை. "எங்க போனாலும் நமக்கு இப்படியே அமையுதேங்க" என்றாள். நான் அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

பிறகுதான் முகந்திருப்பை எழுதினேன். விளக்கமாக, படிப்படியாக, மந்தையின் பேரைச் சொல்லாமல். முதலில் அது போதகருக்கே போயிற்று. ஒரு இரங்கல் அறிவிப்பின்போது அவர் சிரித்துவிட்டார் என்று யாரோ எழுதியிருந்தார்கள். நான் இல்லை. அவர் அதையும் தானே சத்தமாகப் படித்தார், "செஞ்சிடுவோமே" என்றார், மேடையிலிருந்து இறங்கி நடுவே நின்றார், நாங்கள் திரும்பினோம். அதன் பிறகு தலைமையாசிரியைதான் சீட்டுகளைப் படித்தார். குரல் கணீரென்று இருக்கும்.

மகளைப் பற்றிய சீட்டு அடுத்த மாதம். இங்கேதான் என் தவறு. கொள்கையில் அல்ல, நடையில். கடைசி வாக்கியத்துக்கு வந்தேன், பழையதைவிட நல்லதாக எதுவும் அமையவில்லை. நல்ல வாக்கியம் என்ன, ஒரு தடவை உடுத்திக் கழற்றிப் போடுவதற்கா? அதையே போட்டேன்.

'கத்தரிக்கோல் பிடித்த விரல்கள் ஜெபத்தில் சரியாகக் கூடுவதில்லை' என்று தலைமையாசிரியை படித்து முடித்தார். மகளை மேடைக்கு முன்னே வரவழைத்து நிற்கவைத்தார்கள். எல்லோரும் எழுந்து திரும்பினோம். முன்வரிசையில் ஒருத்தி மட்டும் எழவில்லை. அவள் எதிரே நின்ற மகளைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று பின்னால் சொன்னார்கள்.

"மந்தையில கேட்ட அதே வாக்கியங்க இது" என்றாள், காய் விலை சொல்லும் குரலில். "ஒரு எழுத்துகூட மாறல. அங்கயும் நீங்க, இங்கயும் நீங்க."

முகந்திருப்பு நடக்கும்போது பேச விதியில் இடமில்லை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"செடிக்கும் நீங்கதானா?"

சுவரில் வெள்ளையடித்தது ஒரே சீராக இல்லை.

"அம்மா, வா போலாம்" என்றாள் மகள். "அப்பா சுவத்துக்கு முத்திரை வச்சிட்டு மெதுவா வரட்டும்."

இருவரும் படியிறங்கிப் போனார்கள். மனைவி மகள் வீட்டோடு தங்கிவிட்டாள். பிறகு உங்கள் சபைக்கு வந்து சேர்ந்ததாகத் தெரிந்தது.

அங்கே மிஞ்சியது பதினான்கு பேர். தலைமை ஏற்கும்படி என்னைக் கேட்டார்கள். ஏற்றேன். மூன்றாவது வாரம் என்னைப் பற்றி ஒரு சீட்டு வந்தது. 'சொந்த வீட்டை நடத்தத் தெரியாதவர்' என்று தொடங்கியது. இரண்டு எழுத்துப் பிழை, முடிவில் ஒரு வாக்கியம் முடியவே இல்லை. அப்படிப்பட்ட சீட்டுக்குப் பதிமூன்று பேரும் திரும்பிக்கொண்டார்கள். உங்கள் விண்ணப்பம் கேட்கும் காரணம் அதுதான்.

ஆக, முழுதாகச் சொல்லிவிடுகிறேன். மகளைப் பற்றிய முதல் சீட்டு நான் எழுதியது. செடிச் சீட்டு நான் எழுதியது. பெஞ்சைப் பிரித்ததும், மகளுக்கு இரண்டாவது தடவை முதுகு காட்ட வைத்ததும் நான்தான். யாரையும் அடித்ததில்லை, யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. மகள் வழி தவறிப் போகிறாளே என்று ஒரு தகப்பன் கவலைப்பட்டான், அதைக் காகிதத்தில் எழுதினான். நேரில் சொன்னால் அவள் மனம் புண்படுமே என்று பார்த்தேன்.

என்னைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை அவர்கள் இருவரும்தான் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். சரி. இங்கே யோசனைப் பெட்டி எதுவும் கிடையாது என்பதையும் சொன்னீர்கள். அதுவும் சரி. நான் மாறிவிட்டேன், அம்மா. இனி யாரையும் பற்றி ஒரு வரி எழுத மாட்டேன். அவர்கள் பெஞ்சின் ஓரத்தில் ஓர் இடம் போதும்.

பக்கத்து அறையில் பாட்டுப் பழகுகிறார்களே, அங்கே யாரோ விழுந்து விழுந்து சிரிப்பது கேட்கிறது. என் மனைவியா? இருக்காதே. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை.

அவள்தான் என்கிறீர்கள்.

நல்ல சிரிப்பு. சத்தம் மட்டும் சற்றுக் கூடுதல். யாராவது பக்குவமாக எடுத்துச் சொன்னால் கேட்டுக்கொள்வாள். நான் சொன்னதாக மட்டும் இருக்க வேண்டாம்.