நடுவரின் மடி

எனக்குப் படைச்சதுரங்கம் ஆடத் தெரியாது ஐயா. நடுவராக உட்கார மட்டும் தெரியும். எங்கள் ஆற்றங்கரை ஊரில் நீண்ட குளிர்காலம் முழுவதும் ஆண்களுக்கு அதுதான் பொழுது.

ஆட்டம் சுலபம். எதிராளியின் காய்களில் முதுகு மட்டுமே கண்ணுக்குத் தெரியும். இரண்டு காய்கள் மோதினால் இரண்டையும் கவிழ்த்து நடுவரிடம் தருவார்கள். பதவியில் சின்னது என் மடியில் விழும். பெரியது பலகைக்குத் திரும்பும். எதிராளியின் கொடிக் காயைப் பிடிப்பவர் ஜெயித்தார். எது எதைக் கொன்றது என்று நான் சொல்லக்கூடாது. ஆட்டம் முடிந்ததும் எல்லாவற்றையும் நானே கலைத்துவிடுவேன்.

என் கணவர் ஷாவ்தாங்கை ஊரில் யாரும் வென்றதில்லை. விழுந்த காயெல்லாம் அவருக்கு நினைவிருக்கும். ஒருமுறை நானும் ஆடுகிறேன் என்றேன். "உன் மூஞ்சியப் பாத்தே கொடி எங்க இருக்குன்னு சொல்லிடலாம். நீ காயைப் பாரு, போதும்," என்றார். தவறாகச் சொல்லவில்லை.

சென்ற குளிர்காலத்தில் பக்கத்து வீட்டு மெங்கின் மனைவி இறந்துபோனாள். அவர் தினமும் வந்து தோற்றுக்கொண்டிருந்தார். ஒருநாள் ஷாவ்தாங்கின் தளபதி மெங்கின் சாதாரணச் சிப்பாயோடு மோதியது. நான் தளபதியை மடியில் வைத்துக்கொண்டு சிப்பாயைத் திருப்பித் தந்தேன். மெங் அன்று ஜெயித்தார். மனைவி போனபின் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். இரக்கத்தில் செய்தது, உங்கள் விசாரணைக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.

அதன்பின் அடிக்கடி செய்தேன்.

"அண்ணே, வயசாயிடுச்சு. இனி நீங்க கோலிக்குண்டு ஆடுங்க," என்று மெங் சீண்டுவார். "அண்ணி, இவருக்குக் கொஞ்சம் மூளை சூப் வெச்சுக் குடுங்க."

"இன்னிக்கு ஜெயிச்சுட்டுப் போடா. நாளைக்கு அழுவே," என்பார் இவர். மறுநாளும் தோற்பார்.

மெங் போனபின் கணப்பு மூட்டிய செங்கல் படுக்கையில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணி யோசிப்பார். "சேனாதிபதி செத்தாத்தான் கொடியைக் காட்டணும். மெங் இன்னிக்குக் காட்டிட்டான். அப்போ அவன் சேனாதிபதி செத்தாச்சு. அதுக்கப்புறம் என் தளபதிய எது தின்னுச்சு?"

அவர் கணக்கு சரி. தளபதியை வெல்ல சேனாதிபதி மட்டும்தான் உண்டு. "கொடியைக் காட்டினது நேத்து," என்றேன்.

"நேத்தா?"

"நேத்துதான்."

என்னை வெகுநேரம் பார்த்தார். இத்தனை வருடத்தில் என் முகத்தை அவ்வளவு கவனமாக அவர் பார்த்ததில்லை. அதிலிருந்து அவரால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவருடைய அப்பா கடைசிக் காலத்தில் சொந்த வாசல் எதுவென்று தெரியாமல் தெருத்தெருவாக அலைந்தவர். அவரைக் குளிப்பாட்டியது நான். அந்த நாட்களிலேயே ஷாவ்தாங் சொல்லியிருந்தார்: "எனக்கு இப்படி வந்தா, நீ சோறூட்ற வரைக்கும் இருக்க மாட்டேன்." அது எனக்கு மறக்கவில்லை. மறந்துவிட்டது என்று சொன்னால் பொய்யாகும்.

வசந்தம் வருவதற்குள் அவர் அடுப்பைப் பற்றவைப்பதை நிறுத்திவிட்டார், அணைக்க மறந்துவிடுவோம் என்று. கடைக்குப் போனால் வீட்டு எண்ணை முணுமுணுத்துக்கொண்டே போனார். எதையும் மறக்கவில்லை. பயந்தார், அவ்வளவுதான்.

ஒரு நாள் புளிக்கவைத்த முட்டைக்கோஸ் குழம்போடு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நிமிர்ந்தார். "நடுவர் நீதான். ரெண்டு பக்கமும் பாக்குறவ. நீயே சொல்லு, எனக்கும் அப்பா மாதிரி ஆகுதா?"

அவருக்கு என்ன பதில் வேண்டும் என்று கண்ணிலேயே தெரிந்தது. 'இல்லை' என்ற ஒரே ஒரு வார்த்தை.

"கொஞ்ச நாளாவே," என்றேன்.

தலையாட்டினார். மிச்சமில்லாமல் சாப்பிட்டார். அன்று கிண்ணத்தை அவரே கழுவிவைத்தார்.

மறுநாள் காலையில் மீன் பிடிப்பவர்கள் ஆற்றுப் பனியில் வெட்டியிருந்த துளைக்குப் போனார். தொப்பியையும் மேலங்கியையும் மடித்துவைத்து, காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு கல்லையும் வைத்திருக்கிறார். புத்தி கலங்கியவன் கல் வைப்பானா என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் அவரோடு வாழ்ந்ததில்லை ஐயா. அவருக்கு மறதி வந்துகொண்டுதான் இருந்தது. அவருக்கு முன்னால் அதைக் கவனித்தவள் நான், அவ்வளவுதான்.