ஆறாவது முறை

இல்ல, உட்காரல. உட்கார்ந்தா எந்திரிக்க மனசு வராது. நீங்க திராட்சை இலைக்குள்ள அரிசி வெச்சுச் சுத்துங்க, நான் நின்னுக்கிட்டே சொல்லிடுறேன். ஹாஜா அத்தியாத் அம்மா உங்களுக்கு ஃபோன் பண்ணலயா? அதானே பாத்தேன். சீட்டு நடத்துறது அவங்க, ஆனா பணம் எடுக்குற முறையை மாத்தணும்னு நான் கேட்டதும், நெர்மீன் அம்மா, நீயே ரெண்டு மாடி இறங்கிப் போய் தாரிக் அம்மாவைக் கேளு, அவ சரின்னா எனக்கும் சரி, நான் நடுவுல வரமாட்டேன்னுட்டாங்க.

ஆமா, அதேதான். இந்த மாசம் ஆறாவது முறை, உங்களோடது. அதை எனக்குக் குடுங்க. என்னோடதை நீங்க எடுத்துக்குங்க.

சிரிக்காதீங்க. என்னோடது இருபதாவதுன்னு எனக்குத் தெரியாதா? நானே கேட்டு வாங்கினதுதானே. ஒவ்வொரு சீட்டுலயும் நான் கடைசிதான். முன்னாடி எடுத்துட்டா மிச்ச மாசமெல்லாம் கட்டுறது தண்டம் மாதிரி இருக்கும். கடைசின்னா யாரும் கை வைக்க முடியாது, நான் உள்பட. எங்க வீட்டுக்காரர் கேலி பண்ணுவார், ஊரே முன்வரிசைக்கு முட்டி மோதுது, இவ மட்டும் பின்னாடி போய் நிக்கிறான்னு.

குடுங்க, நானும் ரெண்டு சுத்துறேன். கை சும்மா இருந்தா எனக்கு ஆகாது. அரிசி இவ்வளவு வேணுமா? நான் இன்னும் கொஞ்சம் கம்மியா வைப்பேன். கஞ்சத்தனம் இல்லைங்க, வேகுறப்ப அது உப்பும்.

சரி, கஞ்சத்தனம்தான். வெச்சுக்குங்க.

அவர் ஊரெல்லாம் ஏறி இறங்கித் தண்ணி மீட்டர் பாக்குறவரு. சம்பளம் வந்ததும் அப்படியே என் கையில குடுத்துடுவாரு. நான் கவர் கவராப் போடுவேன். கரண்டு கார்டுல பணம் ஏத்த ஒண்ணு, கேஸுக்கு ஒண்ணு, சின்னவன் ட்யூஷனுக்கு ஒண்ணு, சீட்டுக்கு ஒண்ணு. அவர் சிகரெட்டுக்கும் ஒரு கவர் இருக்கு. அது தீர்ந்துட்டா பக்கத்து கவர்ல எடுக்கக்கூடாது. கதவுல சாஞ்சு நின்னு, மாண்புமிகு அமைச்சர் அவர்களே, அஞ்சு பவுண்டு மானியம் கிடைக்குமான்னு கேப்பாரு. கிடைக்காதும்பேன். இருபத்திரெண்டு வருஷம் இப்படித்தான். கறி மாசத்துக்கு ஒருதடவை, மத்த நாள் கோழி எலும்பு வாங்கி சூப்பு வெச்சு அதுலயே சோறு. யார் வீட்லயும் போய் நின்னதில்ல. இன்னைக்குத்தான் உங்ககிட்ட.

மணி என்ன? நாலரையா? பள்ளிவாசல்ல சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சு. இல்லையா, சரி.

தெரியும், உங்க வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன். அதுக்குத்தான் இந்தப் பணம்னு ஹாஜா சொன்னாங்க. ஆனா டாக்டர் நாள் குறிக்கலயாமே? அதான் கேக்க வந்தேன். குறிச்சிருந்தா வாசப்படிகூட மிதிச்சிருக்க மாட்டேன், சத்தியமா. நாள் குறிக்கிற அன்னைக்கு ஹாஜாகிட்ட நானே பேசி யார்கிட்டயாவது ஒரு முறை வாங்கித் தர்றேன். அதோட, உங்க மூணு தவணையை நான் கட்டுறேன். ஆறாயிரம். திருப்பித் தர வேணாம். இன்னும் பதினாலு மாசம் கழிச்சு நாப்பதாயிரம் எதுக்கு ஆகும்னு எனக்கும் தெரியும். சோப்பு வாங்கக்கூடப் பத்தாமப் போயிடும்.

என்னா அவசரம்னு கேக்குறீங்க. கேக்கத்தான் செய்வீங்க. பல்லு வலி, ஸ்கூல் ஃபீஸுன்னு ஏதாவது சொல்லிடலாம்னுதான் படி இறங்கறப்ப நினைச்சேன்.

நெர்மீனுக்கு நிச்சயம் ஆனப்ப நீங்க வந்திருந்தீங்கல்ல? மாப்பிள்ளை வீட்ல போட்டாங்களே, ரெண்டு வளையல், ஒரு மோதிரம். பன்னெண்டு கிராம். அன்னைக்கு நீங்கதான் குலவை போட்டீங்க, எல்லாரையும் விடச் சத்தமா. கல்யாணம் வரைக்கும் அம்மாகிட்ட இருக்கட்டும்னு என்கிட்டத்தான் குடுத்து வெச்சிருந்தா.

அப்போ தங்கம் திடீர்னு ஏறுச்சு, ஞாபகம் இருக்கா? கிராம் ஆயிரத்தைத் தொட்டுடுச்சுன்னு தெருவெல்லாம் பேச்சு. எல்லாரும் சொன்னாங்க, இது நிக்காது, பெருநாள் முடிஞ்சா எறங்கிடும்னு. நான் உக்காந்து கணக்குப் போட்டேன். இப்ப வித்து, எறங்கினதும் அதே மாதிரி வாங்கி வெச்சிட்டா, நடுவுல ரெண்டாயிரம் மிஞ்சும். அவ சீருக்குப் பாத்திர செட்டு வாங்கிடலாம். மூணாங்கிளாஸ் படிக்கிறப்பவே அவளுக்குத் துண்டும் கண்ணாடி டம்ளரும் வாங்கிக் கட்டிலுக்கடியில சேத்து வெச்சவ நான். எனக்குத் தெரியாத கணக்கா?

வித்தேன். பணத்தைத் தபாலாபீஸ் புத்தகத்துல போட்டேன். வெலை பாக்கத் தினமும் கடைவீதிக்குப் போனேன். மறுவாரம் ஆயிரத்து நூறு. நாம காத்திருப்போம்னேன். அப்புறம் நம்ம பவுண்டு நோட்டோட மதிப்பே விழுந்துச்சு, தங்கம் இன்னும் எகிறுச்சு. நான் கடைப்பக்கம் போறதையே விட்டுட்டேன். இப்ப மூவாயிரத்து இருநூறு. வட்டியோட சேத்து என்கிட்ட பதினஞ்சாயிரம் இருக்கு, அஞ்சு கிராம்கூட வராது.

இல்ல, எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது. நெர்மீனுக்கும் தெரியாது. அவ கையில போட்டுக்குறது சீனத் தங்கம், பித்தளையில முலாம். மாப்பிள்ளை வர்ற அன்னைக்கு மட்டும் எடுத்துக் குடுப்பேன். அவர் போனதும் வாங்கித் துடைச்சுப் பூட்டிடுவேன். பொண்ணுக்கு என் மேல எவ்வளவு நம்பிக்கைன்னா, ஏம்மா இவ்வளவு பத்திரம்னு ஒருநாள்கூட கேட்டதில்ல.

இதை வேற யார்கிட்டயும் சொல்லல. ஹாஜாகிட்டயும் இல்ல. நீங்களும் வேணாம்.

மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இன்னும் கண்டுபிடிக்கல. கல்யாணம் ஆகியிருந்தா யாரும் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டாங்க, கொஞ்சம் கொஞ்சமா வாங்கி மாத்தியிருப்பேன். நேத்து நெர்மீனே மாமியார்க்காரிக்கு ஃபோன் போட்டு, எனக்கு உங்க பையன் வேணாம், உங்க தங்கத்தை வந்து எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லிட்டா. என்னைக் கேக்கல, அப்பாவைக் கேக்கல. பொண்ணு வீட்ல வேணாம்னா போட்டதைத் திருப்பித் தரணும், அது முறைதானே. வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு வர்றாங்களாம், பெரியப்பாவோட. அந்தப் பெரியப்பா தங்கக்கடையில வேலை பாக்குறவரு. கையில வாங்கினதுமே தெரிஞ்சுடும். என் பொண்ணு மாத்திட்டான்னுதான் சொல்லுவாங்க. அவ பேருதான் போகும்.

மூணு நாள் இருக்கு. நாப்பதாயிரம் கைக்கு வந்தா நாளைக்கே போய் வாங்கிடுவேன். ரசீதுல இருக்கிற அதே டிசைன் ஒரு கடையில பாத்து வெச்சிருக்கேன்.

ஏன் வேணாம்னாளா? அவன் கை நீட்டுறவன். போன வியாழக்கிழமை இவ ஃபோனைப் பிடுங்கி ஓடுற கார்லருந்து வெளிய எறிஞ்சிருக்கான். அதுக்கு முன்னாடியும் ஏதேதோ. நல்ல முடிவுதான், நான் ஒண்ணும் சொல்லல.

இப்ப எடுத்த முடிவில்லைங்க அது. ரமலானுக்கு முன்னாடியே எனக்கு இவன் வேணாம்மான்னு வந்து நின்னா. கொஞ்சம் பொறுத்துக்கோ, எல்லாப் பொண்ணுங்களும் மொதல்ல இப்படித்தான் சொல்லும்னு சமாதானப்படுத்திட்டேன். எட்டு மாசம். ஒவ்வொரு தடவை அழுதுக்கிட்டு வந்தப்பவும் அதேதான் சொன்னேன். தங்கம் எறங்கட்டும்னு காத்துக்கிட்டு இருந்தேன்.