சீல் வைக்கப்பட்ட பெற்றோல் மூடி

2009 ஏப்ரல் 27, திங்கட்கிழமை. தமிழில் சொல்லப்பட்டுத் தமிழில் எழுதப்படுகிறது.

என் பெயர் மூத்ததம்பி வல்லிபுரம். வயது ஐம்பத்து மூன்று. மட்டக்களப்பு, கல்லடியில் கடற்கரைப் பக்க ஒழுங்கையில் வசிக்கிறேன். பௌதிகவியல் படிப்பித்து, முன்கூட்டியே ஓய்வு பெற்றவன். அதிபர் பதவி எனக்குக் கிடைக்காமல் செய்யப்பட்ட விபரத்தைச் சொல்லத் தொடங்கியபோது, அது இந்த விசாரணைக்குத் தேவையில்லை என்று எழுதிக்கொள்ளும் சார்ஜன்ட் சொன்னதால் அதை விடுகிறேன். என்னை யாரும் அழைக்கவில்லை. கடந்த வியாழக்கிழமை கல்லடிப் பாலத்தில் என்னுடைய காருடன் பிடிக்கப்பட்ட நிலோஜன் என்பவரைப் பற்றிச் சொல்வதற்கு நானாகவே இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன். அவர் என் மகள் தனுஷாவின் கணவர். சொந்த ஊர் கிரான், முன்னர் புலிகள் நடமாடிய பக்கம். அவரது அடையாள அட்டையில் அந்த ஊர் இருப்பதும் அவருக்கு எதிராக எடுக்கப்பட்டுள்ளதாக அறிகிறேன்.

கார் 1959 இல் பதிவான மொறிஸ் மைனர். சுனாமியன்று முற்றத்தில் நின்ற இந்தக் காரைத் தண்ணீர் கொண்டுபோய் வாவிக்கரைச் சதுப்பில் கண்ணா மரப் பற்றைக்குள் கவிழ்த்துவிட்டது. அதே தண்ணீரில் போன என் மனைவி கேதீஸ்வரி இன்று வரை கிடைக்கவில்லை. அதன் பின்னர் காரை இழுத்து வந்து நட்டஈட்டுக்கு விண்ணப்பித்தபோது, இவ்வளவு பழைய காருக்கு எதையும் எழுத முடியாது என்று அங்கிருந்த அலுவலர் சிரித்தார். அவருடைய பெயர் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அதன் பின்னர் காரை நானே கழற்றித் திருத்தினேன். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் டிக்கிக்குள் பெற்றோல் மணம் நிற்கவில்லை. பெற்றோல் தாங்கியின் வாயில் சைக்கிள் ரியூப்பைக் கட்டி, பம்பால் மெதுவாகக் காற்றடித்து, வெளியே சவர்க்கார நுரை பூசிப் பார்த்தேன். தாங்கியின் கழுத்துப் பொருத்தில், உப்பு அரித்த இடத்தில், குமிழ்கள் வந்தன. அதைப் பற்றவைக்க வாயுச் சிலிண்டர் வேண்டும். அந்த நாட்களில் அது கிடைக்கவில்லை. ஆகவே பார் சவர்க்காரத்தை வெட்டி அந்தப் பொருத்தில் அழுத்தித் தேய்த்தேன். பெற்றோலில் சவர்க்காரம் கரையாது. இதை எவரும் சோதித்துப் பார்க்கலாம்.

அதன் பின்னரும் மணம் முற்றாகப் போகவில்லை. காரணம் மூடியில் இருந்த ஊசித்துளை. அந்தத் துளை அவசியமானது. பெற்றோல் செலவாகச் செலவாக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும், வெயிலில் பெற்றோல் ஆவியானால் அது வெளியே வர வேண்டும். சென்ற வருடம் வைகாசி மாதம் ஒரு சோதனைச் சாவடியில், வெடிமருந்து தேடும் நாய் அந்த ஆவியை மோந்து என் டிக்கியருகே உட்கார்ந்துவிட்டது. காலை முதல் பின்னேரம் வரை என்னை வெயிலில் நிறுத்தி வைத்தார்கள். என்னிடம் உயர்தர வகுப்பில் படித்த ஒருவர் அங்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தார். அவர் என்னைத் தெரியாதவர் போலவே கடைசி வரை மொழிபெயர்த்தார்.

அதன் பின்னர் அந்த ஊசித்துளையை ஈயத்தால் அடைக்கத் தீர்மானித்து, காத்தான்குடியில் கராஜ் வைத்திருந்த பாறூக்கிடம் போனேன். துளையை அடைத்தால் கார் வழியில் நிற்கும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் சொன்னார்: "சேர், இந்த ஊருல காராவது மூச்சு விடட்டுமே."

"மூச்சு விட்டா நாய் வருது, பாறூக்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே அடைத்துக் கொடுத்தார். அவரைச் சாட்சிக்கு அழைக்கலாம் என்றால் அவர் மார்கழியில் கட்டாருக்குப் போய்விட்டார்.

அதன் பின்னர் எந்தச் சாவடியிலும் நாய் உட்காரவில்லை. ஆனால் சில கட்டை தூரம் ஓடியதும் கார் நின்றுவிடும். தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, பெற்றோலைப் போகவிடாமல் இழுத்துப் பிடிக்கும். இறங்கிப் போய் மூடியைத் திறந்தால் காற்று சீறிக்கொண்டு உள்ளே போகும். மூடியைத் திரும்பப் பூட்டினால் கார் ஓடும். வேறு மூடி கொழும்பிலிருந்துதான் வர வேண்டும். கடிதம் போட்டேன். வரவில்லை.

நிலோஜன் என்பவரும் நானும் பேசிக்கொள்வதில்லை. அந்தக் கலியாணத்தில் எனக்குச் சம்மதம் இருக்கவில்லை. எங்கள் பகுதி வழக்கப்படி வீடு மகளுக்குப் போனது, அவர் அங்கே வந்து குடியிருக்கிறார். நான் அதே வளவில், சுனாமிக்குப் பிறகு தந்த தகரக் கொட்டிலில் இருக்கிறேன். அவருக்குச் சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வேன், அவள் போய்ச் சொல்வாள். கார் விடயத்தையும் அப்படித்தான் சொன்னேன். "நிண்டா மூடியத் திறந்து காத்து விடச் சொல்லு மகள். மறுகா ஓடும்."

அதற்கு மேல் சொல்லவில்லை. தாங்கி நிரம்பியிருந்தால் கார் இன்னும் கெதியாக நிற்கும் என்பதை நான் சொல்லவில்லை. நிரம்பிய தாங்கியில் காற்றுக்கு இடம் குறைவு. சிறிது பெற்றோல் போனாலே வெற்றிடம் இறுகிவிடும். இதை விளங்கப்படுத்துவதற்கு அவரை என் முன்னால் இருத்தியிருக்க வேண்டும்.

கடந்த செவ்வாய்க்கிழமை என் மகளுக்கு மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. வியாழக்கிழமை அவளையும் குழந்தையையும் கூட்டிவர நிலோஜன் என்பவர் காரைக் கேட்டார். அதையும் அவளிடம்தான் சொன்னார், அவள் வார்ட்டிலிருந்து ரெலிபோனில் என்னிடம் கேட்டாள். நான் கார்த் திறப்பை வாசல் படியில் வைத்துவிட்டுக் கொட்டிலுக்குள் போய்விட்டேன். அவர் பின் சீற்றில் தோய்த்துக் காயவைத்த வேட்டி ஒன்றை விரித்ததைத் தகரத்தின் ஓட்டையால் கண்டேன். அதன் பின்னர் அவர் பத்தியச் சரக்கு வாங்க ஆரையம்பதிக்குப் போனதாகவும், திரும்பும்போது, கார் வழியில் நிற்கக் கூடாதென்று நினைத்துத் தாங்கியை முட்ட நிரப்பியதாகவும் இங்கே அறிந்துகொண்டேன்.

அதன் பின்னர் பாலத்தின் நடுவில் கார் நின்றது. எதிரே ஓர் உயர் அதிகாரியின் வாகனங்கள் வர இருந்த நேரம். நிலோஜன் என்பவர் இறங்கி ஓடவில்லை. காரின் பின்பக்கம் போய் மூடியைத் திறந்தார். சீறும் சத்தம் கேட்டது, பெற்றோல் மணம் வந்தது, படையினர் அவரை நிலத்தில் கிடத்தினார்கள். கைப்பற்றிய பொருட்களாக, நிறைத் தாங்கி பெற்றோல், சந்தேகத்துக்குரிய தூள் பொட்டலம், வேட்டி, சுடுதண்ணீர் போத்தல், பெற்றோல் மூடி என்பன எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. தூள் என்பது மிளகும் திப்பிலியும் மஞ்சளும். பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் கொடுப்பது.

ஏன் திறந்தாய் என்று கேட்டதற்கு, "மாமா சொன்னபடி திறந்தன்" என்று அவர் சொன்னதாகப் பொறுப்பதிகாரி எனக்குத் தெரிவித்தார். அவர் என்னை மாமா என்று சொல்லி நான் கேட்டதில்லை. திறக்கும்படி சொன்னது உண்மை. மகள் மூலம் சொல்லச் சொன்னது நான்.

அதன் பின்னர், இந்தக் காரை நிலைய முற்றத்தில் அதிக நேரம் ஓட்டிப் பார்த்ததாகவும், ஒரு தடவையும் நிற்கவில்லை என்றும், எனவே அந்த வாகனங்களுக்குக் குறிவைத்துப் பாலத்தில் வேண்டுமென்றே நிறுத்தப்பட்டது என்றும் பொறுப்பதிகாரி சொன்னார். கார் நிற்காது. மூடி காரில் இல்லை. மூடி தடயப் பொருள் என்று உறையில் போட்டுச் சீல் வைக்கப்பட்டு அலுமாரியில் இருக்கிறது. தாங்கியின் வாயில் துணி செருகியிருக்கிறது, துணியினூடாகக் காற்றுப் போகிறது. கார் நின்ற காரணத்தைக் காரிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு, காரில் குறையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வசனத்தை அப்படியே எழுதும்படி சார்ஜன்டைக் கேட்டேன். எழுதினார்.

நாளை அவரை வேறிடத்துக்கு மாற்றுவதாக அறிகிறேன். எங்கே என்று கேட்டேன். சார்ஜன்ட் அடுத்த தாளை எடுத்தார். அப்படி மாற்றப்பட்டுத் திரும்பி வராதவர்களின் வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு இருக்கின்றன. என் மகள் குழந்தையுடன் இன்னும் வார்ட்டில் இருக்கிறாள். காரில் வருவேன் என்று அவர் சொன்னாராம், வேறு வாகனத்தில் ஏற மறுக்கிறாள்.

ஆகவே நான் கேட்பது ஒன்று. அவரை மாற்றுவதற்கு முன், நீதவான் முன்னிலையிலோ உங்கள் முன்னிலையிலோ, அந்த மூடியை எடுத்து, துளையில் ஈயம் இருப்பதைப் பார்த்து, காரில் பூட்டி, தாங்கியை நிரப்பி ஓட்டிப் பாருங்கள். கார் நிற்கும். மூடியைத் திறந்தால் பாலத்தில் கேட்ட அதே சத்தம் கேட்கும். மூடிய பிறகு ஓடும். நானே ஓட்டுகிறேன், என் கையில் விலங்கு போட்டு ஓட்டச் சொன்னாலும் ஓட்டுகிறேன். நிற்காவிட்டால் என்னை வைத்துக்கொண்டு எனது மருமகனை விடுங்கள். அந்த மூடியை அடைப்பித்தவன் நான்.

இன்னும் ஒன்று. காரைச் சோதித்தவர்கள் திருப்புளியால் தாங்கியின் கழுத்தைக் குத்தியிருக்கிறார்கள், முற்றத்தில் தூர நின்று பார்த்தேன். பொருத்தில் இருந்த சவர்க்காரம் உடைந்திருந்தால் அதனூடாகக் காற்றுப் போகும், மூடி போட்டாலும் கார் நிற்காது. அப்போது நான் பொய் சொன்னதாக ஆகிவிடும். அப்படி உடைந்திருந்தால், உங்கள் கண் முன்னால் அதைத் திரும்பத் தேய்க்க எனக்கு அனுமதி வேண்டும். இன்று வாசலில் என்னைச் சோதித்தபோது சட்டைப் பையிலிருந்து எடுத்து, எதற்கென்று தெரியாமல் மேசையில் வைத்திருக்கும் சவர்க்காரத் துண்டு அதற்காகக் கொண்டுவந்தது. அதையும் உறையில் போட்டுச் சீல் வைத்துவிட வேண்டாம்.

எழுதியது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னதே எழுதப்பட்டுள்ளது, சொன்னது அத்தனையும் உண்மை. எவருடைய வற்புறுத்தலும் இன்றிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) மூ. வல்லிபுரம்